மோடம் பக்கம் திறக்கவில்லை: கேபிளை மாற்றுவதா, ரூட்டரில் வழி போடுவதா, ரீசெட்டா?

இணையம் ஓடுகிறது. வீடியோ தடையில்லாமல் வருகிறது. ஆனால் மோடத்தின் உள்பக்கத்தைப் பார்க்க அதன் முகவரியான 192.168.100.1 என்று தட்டினால் மட்டும் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் கையை விரிக்கிறது. கேபிள் இணையம் வைத்திருப்பவர்கள் பலரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். வேகம் குறைந்திருக்கும், அல்லது இணைப்பு அவ்வப்போது அறுந்திருக்கும். சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியிருக்கும். பக்கம் திறக்காததும் கை நேராக மோடத்தின் பின்பக்கம் இருக்கும் ரீசெட் ஓட்டையைத் தேடும்.

இருக்கிற வழிகளிலேயே இழப்பு அதிகம், பலன் குறைவு என்றால் அது ரீசெட்தான். அதற்கு முன்னால் முயல வேண்டியவை நிறைய இருக்கின்றன. எதை எடுப்பது என்று முடிவு செய்ய இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: தடை எந்த இடத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை நீங்கள் ஒருமுறை பார்த்தால் போதுமா, அடிக்கடி பார்க்க வேண்டுமா.

உங்களிடம் இருப்பது எந்தப் பெட்டி

இதைத் தீர்த்துக்கொள்ளாமல் மேலே போவது வீண். கேபிள் மோடம் என்று வீட்டில் சொல்லப்படும் பெட்டி இரண்டு வகை. ஒன்று வெறும் மோடம்: கோஆக்ஸ் கேபிள் (டிவி கேபிள் போன்ற உருண்டைக் கம்பி) ஒரு பக்கம், லேன் கேபிள் மறுபக்கம், வைஃபை கிடையாது, தனியாக ஒரு ரூட்டர் பக்கத்தில் நிற்கும். இன்னொன்று கேட்வே: மோடமும் ரூட்டரும் வைஃபையும் ஒரே பெட்டியில்.

வெறும் மோடத்தின் முகவரி கிட்டத்தட்ட எப்போதும் 192.168.100.1தான். இது தயாரிப்பாளர்கள் தற்செயலாக ஒத்துக்கொண்ட எண் அல்ல. கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் தரநிலையிலேயே இருக்கிறது. ஆகவே கம்பெனி மாறினாலும் எண் மாறுவதில்லை. கேட்வே என்றால் கதை வேறு: 192.168.0.1, 192.168.1.1, 10.0.0.1 என்று தயாரிப்பாளரும் சேவை நிறுவனமும் சேர்ந்து எதை வேண்டுமானாலும் வைத்திருப்பார்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். லேபிள் கிழிந்திருந்தால் கணினியின் நெட்வொர்க் விவரங்களில் ‘டீஃபால்ட் கேட்வே’ என்று போட்டிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தனி ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் ரூட்டருடையதாக இருக்கும், மோடத்துடையதாக அல்ல. பாதிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிக்னல் அளவுகளைத் தேடுவார்கள்.

கேட்வேயை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலையை நிறுத்தி வெறும் மோடமாக மட்டும் இயங்கும் நிலையில்) போட்டு, சொந்த ரூட்டரை அதன் பின்னால் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பல கேட்வேகள் அப்படி மாற்றியதும் பழைய முகவரியை விட்டுவிட்டு 192.168.100.1க்குப் போய்விடும். பழைய எண்ணையே அடித்துக்கொண்டிருந்தால் பெட்டி கெட்டுப்போனது போலத்தான் தெரியும்.

இதே எண்ணை வேறு சிலரும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது சுவாரஸ்யம். ஹுவாவேயின் ஃபைபர் பெட்டிகள் பலவற்றுக்கும் 192.168.100.1தான் முகவரி. செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க்கின் டிஷ்ஷும் அதே எண்ணில்தான் பதில் சொல்கிறது. ரூட்டரில் வழி போடுவது பற்றிப் பின்னால் சொல்லப்போவது அந்த டிஷ்ஷுக்கும் பெருமளவு பொருந்தும்.

பிழைச் செய்தி என்ன சொல்கிறது

“பக்கம் வரவில்லை” என்பதில் நாலு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பிரவுசர் என்ன சொல்லித் தோற்றது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

நீண்ட நேரம் சுற்றிவிட்டு ‘டைம்ட் அவுட்’ என்றால், நீங்கள் அனுப்பியது மோடத்தைச் சேரவில்லை, அல்லது மோடத்தின் பதில் உங்களிடம் திரும்பவில்லை. தடை வழியில் இருக்கிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று உடனே வந்தால் யாரோ ஒருவர் இருக்கிறார், பேச மறுக்கிறார்; மோடத்துக்குள் இருக்கும் குட்டி வெப் சர்வர் தூங்கிவிட்டது, இல்லையென்றால் சேவை நிறுவனம் அதை மூடி வைத்திருக்கிறது. ‘சான்றிதழ் நம்பகமானதல்ல’ என்ற எச்சரிக்கை வந்தால் சந்தோஷப்படுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மோடம் தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்வதால் பிரவுசருக்குச் சந்தேகம். வீட்டுக்குள் இருக்கும் பெட்டி என்பதால் ‘மேலே செல்’ என்பதை அழுத்தலாம். நாலாவது வகையில் லாகின் பக்கம் வருகிறது, பாஸ்வேர்டைத்தான் ஏற்கவில்லை. அதற்கும் வழிக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை உதவும். 192.168.100.1க்கு பிங் அனுப்பி, சில மில்லிசெகண்டுக்குள் பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது. பிரச்சினை பிரவுசரிலோ மோடத்தின் வெப் சர்வரிலோ இருக்கிறது. பதிலே இல்லையென்றால், கோரிக்கை எந்த வழியாகப் போகிறது என்று வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். முதல் வரியில் உங்கள் ரூட்டர், அதற்கடுத்து சேவை நிறுவனத்தின் எண்கள் வரிசையாக வந்தால், உங்கள் கோரிக்கை மோடத்தைக் கடந்து தெருவுக்குப் போய்விட்டது என்று பொருள். முதல் வரிக்குப் பிறகு வெறும் நட்சத்திரக் குறிகள் என்றால் ரூட்டரே வெளியே விடவில்லை, அல்லது மோடம் வாயைத் திறக்கவில்லை. பிங்குக்கு மட்டும் பதில் சொல்லாமல் பக்கத்தைத் திறக்கும் மோடங்களும் உண்டு என்பதால், பிங் தோற்றதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கையிலிருக்கும் கருவியைச் சரிபார்ப்பது

இதற்கு எந்த இழப்பும் இல்லை என்பதால் எப்போதும் முதலில் இதுதான்.

முகவரிக்கு முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு என்று முழுதாக எழுதிப் பாருங்கள். சில பிரவுசர்கள் வெறும் எண்ணைக் கண்டதும் தேடுபொறிக்கு அனுப்பிவிடும். பாதுகாப்பான இணைப்பு மட்டுமே வேண்டும் என்று வைத்திருந்தால் எச்டிடிபிஎஸ் ஆக மாற்றிவிடும், மோடத்துக்கோ அது தெரியவே தெரியாது. இதற்கு நேரெதிரான சிக்கலும் இருக்கிறது. பழைய மோடம் எச்டிடிபிஎஸ் பேசும், ஆனால் அதன் பின்னாலிருக்கும் டிஎல்எஸ் என்ற குறியாக்க முறையின் 1.0 என்ற காலாவதியான பதிப்பில் பேசும். முக்கியப் பிரவுசர்கள் எல்லாம் 2020இல் அதைக் கைவிட்டுவிட்டன. அப்படிப்பட்ட மோடம் நேற்றுவரை திறந்து, பிரவுசர் புதுப்பித்த பிறகு திறக்காமல் போகும். அங்கே எச்டிடிபி வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எளிது.

விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் தள்ளும் விபிஎன், மோடத்துக்கான கோரிக்கையையும் எங்கோ தொலைதூர சர்வருக்கு அனுப்பிவிடும். ஃபோனில் பார்க்கிறீர்கள் என்றால் மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று ஃபோன் நினைத்துவிட்டால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். மோடத்தில் பிரச்சினை இருக்கும் நேரத்தில்தானே பக்கத்தைத் தேடுகிறோம், அதனால் இது அடிக்கடி நடக்கும். கெஸ்ட் வைஃபையில் இருந்தால் பிரதான வைஃபைக்கு வாருங்கள். விருந்தினர்களை வீட்டுக் கருவிகளிடமிருந்து தள்ளி வைப்பதுதான் அதன் வேலையே.

மேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2024இல் வந்த மேக் ஓஎஸ் 15, ஒவ்வொரு செயலியும் உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட அனுமதி கேட்க வேண்டும் என்று வைத்தது. குரோமுக்கோ ஃபயர்ஃபாக்ஸுக்கோ அப்போது ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருந்தால், கேட்வேயின் பக்கம் சஃபாரியில் திறக்கும், அவற்றில் திறக்காது. சிஸ்டம் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதியில் அந்த அனுமதியை மாற்றலாம்.

அணைத்துப் போடுவது

மோடத்துக்குள் இருக்கும் வெப் சர்வர் மிகச் சின்னது. மாதக்கணக்கில் ஓடினால் தொங்கிப்போவது சகஜம். இணையம் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ‘ரெஃப்யூஸ்ட்’ என்று வந்தாலோ, பிங் போய் பக்கம் வராவிட்டாலோ ரீஸ்டார்ட்டுக்கு நல்ல பலன் உண்டு. ‘டைம்ட் அவுட்’ வகைக்குப் பலன் குறைவு.

ஆனால் ரீஸ்டார்ட் செய்யும் முன் ஒரு நிமிடம். நீங்கள் தேடுவது இணைப்பு ஏன் அறுகிறது என்பதற்கான சான்றா? மோடம் மறுபடி எழும்போது பிழைத்திருத்த எண்ணிக்கைகள் பூஜ்யத்துக்குப் போய்விடும். சில மோடங்களில் நிகழ்வுப் பதிவும் அழிந்துவிடும். பார்க்க வந்ததையே அழித்துவிட்டுப் பார்ப்பதில் என்ன பயன்? அப்படிப்பட்டவர்கள் இந்த வழியைத் தாண்டி, நேரடிக் கேபிளுக்குப் போவதே நல்லது.

தொலைபேசி இணைப்பும் சேர்ந்த மோடம் என்றால் உள்ளே பேட்டரி இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கினாலும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் அதுதான் காரணம்.

லேப்டாப்பை நேரடியாக மோடத்தில் செருகுவது

என் ஓட்டு இதற்குத்தான். எதையும் அழிப்பதில்லை, எந்த அமைப்பையும் நிரந்தரமாக மாற்றுவதில்லை, அதோடு பிரச்சினை ரூட்டரிலா மோடத்திலா என்ற கேள்விக்குத் தெளிவான பதிலும் தந்துவிடும். தேவை ஒரு லேன் கேபிள், லேன் போர்ட் உள்ள லேப்டாப். இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர். இந்தக் காலத்து மெல்லிய லேப்டாப்களில் அந்த அடாப்டர் இல்லாமல் நடக்காது, அதுதான் இதன் ஒரே பெரிய குறை.

செய்யும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலர் கேபிளை மாற்றிவிட்டு, லேப்டாப்புக்குத் தானாக ஐபி முகவரி வரும் என்று காத்திருப்பார்கள். வராது. பல சேவை நிறுவனங்கள் மோடத்தின் பின்னால் ஒரு கருவியைத்தான் அனுமதிக்கின்றன. அந்த இடத்தை ஏற்கெனவே ரூட்டர் பிடித்திருக்கிறது. மோடத்தை அணைத்துப் போட்டால்தான் அது லேப்டாப்பைப் புதுக் கருவியாக ஏற்கும். அணைத்தால் என்ன அழியும் என்று இப்போதுதான் பார்த்தோம். தவிர, அப்படி ஏற்றுவிட்டால் உங்கள் லேப்டாப் பொது ஐபி முகவரியோடு நேராக இணையத்தில் நிற்கும், நடுவில் ரூட்டரின் பாதுகாப்பு இல்லாமல்.

இரண்டையும் தவிர்க்க முகவரியைக் கையால் எழுதுங்கள். ரூட்டரில் ‘வேன்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்று எழுதிய போர்ட்டிலிருந்து கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகுங்கள். லேப்டாப்பின் ஈதர்நெட் அமைப்பில் தானியங்கி என்பதைக் கைமுறையாக மாற்றி, ஐபி முகவரி 192.168.100.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று போடுங்கள். அங்கே கேட்வே, டிஎன்எஸ் என்று இருக்கும் கட்டங்கள் இரண்டையும் காலியாக விடுங்கள். சேமித்துவிட்டு 192.168.100.1ஐத் திறங்கள். பொதுவாக அடுத்த நொடியே பக்கம் வந்துவிடும். மோடத்தை அணைக்கவில்லை, பதிவுகள் அப்படியே இருக்கின்றன. லேப்டாப்புக்கு இணையத்துக்குப் போகும் வழியே கொடுக்கவில்லை என்பதால் பாதுகாப்பு பற்றிய கவலையும் இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு வீட்டில் யாருக்கும் இணையம் இருக்காது, அவ்வளவுதான். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அந்த அமைப்பைத் தானியங்கிக்கு மாற்ற வேண்டும். அப்படியே விட்டுவிட்டால், இன்னொரு நாள் எங்காவது லேன் கேபிளைச் செருகும்போது இணையம் வரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

இப்படிச் செருகியும் பக்கம் வரவில்லை என்றால் ரூட்டர் நிரபராதி. கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் மோடத்தின் பக்கம் தொங்கியிருக்கிறது அல்லது மூடப்பட்டிருக்கிறது. இணையமே இல்லாத நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: கோஆக்ஸ் இணைப்புக் கிடைக்காத மோடம், செருகிய கணினிக்குத் தானே 192.168.100 வரிசையில் ஒரு தற்காலிக முகவரி தரும். அப்போது கையால் எழுத வேண்டிய தேவைகூட இல்லாமல் போகலாம்.

பக்கம் திறந்ததும் என்ன பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். கீழ்நோக்கிய (உங்களிடம் வரும்) சேனல்களின் பவர், டாக்சிஸ் 3.0 கணக்கில் −15இலிருந்து +15 டிபிஎம்வி (சிக்னல் பலத்தின் அலகு) வரை இருக்கலாம். நடைமுறையில் −7க்கும் +7க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. எஸ்என்ஆர், அதாவது இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்ற அளவு, 33 டெசிபெலுக்கு மேல் இருப்பது நல்லது. மேல்நோக்கிய பவர் 50 டிபிஎம்வியைத் தாண்டியே நின்றால், மறுமுனைக்குக் கேட்பதற்காக மோடம் கத்திப் பேசுகிறது. எங்கோ கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டரோ துருப்பிடித்த கனெக்டரோ சிக்னலைத் தின்கிறது. நிகழ்வுப் பதிவில் ‘டி3 டைம்-அவுட்’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், மோடம் அனுப்பிய கோரிக்கைக்கு 200 மில்லிசெகண்டுக்குள் பதில் வரவில்லை என்று அர்த்தம். எப்போதாவது ஒன்று வந்தால் கவலையில்லை. தொடர்ந்து 16 முறை பதில் வராவிட்டால் மோடம் வெறுத்துப்போய் முதலிலிருந்து தொடங்கும். “நெட் போய்ப் போய் வருகிறது” என்று நாம் சொல்வது பல வீடுகளில் அதைத்தான். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்டரில் நிரந்தர வழி போடுவது

சிக்னலை வாரம் ஒருமுறை பார்க்கிறவர், எங்கே அறுகிறது என்று தொடர்ந்து கண்காணிக்கிறவர், ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றி மாட்ட முடியாது. அவர்களுக்கு இந்த வழி. மற்றவர்களுக்கு இது தேவையில்லாத தலைவலி.

சாதாரணமாக ரூட்டர் வழியாகவே மோடத்தின் பக்கம் திறக்க வேண்டும். 192.168.100.1 தன் வீட்டு வரிசையில் இல்லாததால் ரூட்டர் அதை இணையத்துக்கான கோரிக்கை என்று நினைத்து வெளியே அனுப்பும். போகும் வழியில் மோடம் தன் பெயரைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு பெரும்பாலான வீடுகளில் யாரும் தொடாமலே வேலை செய்கிறது. உடைவது சில குறிப்பிட்ட இடங்களில்.

வீட்டு நெட்வொர்க்கே 192.168.100 வரிசையில் அமைந்திருந்தால், அந்த முகவரி பக்கத்து அறையில் இருப்பதாக உங்கள் கணினி நினைத்துக்கொண்டு ரூட்டரிடம் கொடுக்கவே கொடுக்காது. வழி போட்டுப் பயனில்லை. ரூட்டரின் உள் வரிசையை 192.168.50 போல வேறொன்றாக மாற்ற வேண்டும். கேட்வேயும் அதன் பின்னால் இருக்கும் ரூட்டரும் ஒரே 192.168.0.1இல் உட்கார்ந்திருப்பதும் இதே குழப்பம்தான். புதிய ரூட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமே நகர்ந்துகொள்கின்றன. பழையவற்றுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். எதை மாற்றுவது என்றால் ரூட்டரை. கேட்வேயின் அமைப்பைச் சேவை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் தள்ளிவிடும்.

இரண்டாவது, தனியார் முகவரிகள் இணையத்தில் செல்லாதவை என்பதால் அவற்றை வெளியே விடாமல் தடுக்கும்படி அமைத்த ரூட்டர். 10, 172.16, 192.168 என்று தொடங்கும் தனியார் வரிசைகளை 1996இலேயே வகுத்துவிட்டார்கள். அவற்றை வெளிவாசலில் நிறுத்துவது நல்ல பழக்கம்தான். இங்கே 192.168.100.1 என்ற ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுத்து, 255.255.255.255 என்ற மாஸ்க்கோடு ‘வேன்’ பக்கம் ஒரு ஸ்டாடிக் ரூட் (கையால் எழுதிவைக்கும் நிரந்தர வழி) எழுதினால் போதும். இரண்டு இணைய இணைப்பு உள்ள ரூட்டர்களுக்கும் இதே மருந்து. இல்லையென்றால் கோரிக்கை பாதி நேரம் தப்பான இணைப்பின் வழியாகப் போகும்.

மூன்றாவதுதான் கொஞ்சம் கடினம். கேட்பவரின் முகவரி 192.168.100 வரிசையில் இல்லாவிட்டால் பதில் சொல்லாத மோடங்கள் இருக்கின்றன. ரூட்டர் தன் பொது ஐபியோடு போய்க் கேட்கும். மோடம் திரும்பிக்கூடப் பார்க்காது. இதற்கு ரூட்டரின் வேன் பக்கத்துக்கு 192.168.100.2 என்று இரண்டாவது முகவரி ஒன்றைக் கொடுத்து, மோடத்துக்குப் போகும் கோரிக்கைகள் அந்த முகவரியோடு போகும்படி நேட் (அனுப்புபவரின் முகவரியை மாற்றும்) விதி எழுத வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி, பிஎஃப்சென்ஸ் போன்ற ரூட்டர் மென்பொருள்களில் இதைச் செய்யலாம். கடையில் வாங்கும் சாதாரண வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் ஸ்டாடிக் ரூட் பக்கம் இருக்கும், இரண்டாவது வேன் முகவரி கொடுக்கும் இடம் இருக்காது. உங்கள் ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால், இதற்காகவே புது ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) ஏற்றும் வேலையில் இறங்க வேண்டாம். லேன் கேபிள் இருக்கிறது.

நிரந்தர வழிக்கு ஒரு விலையும் உண்டு. மோடத்தின் பக்கம் உங்களுக்கு எட்டுகிறது என்றால், உங்கள் பிரவுசரில் ஓடும் கெட்ட இணையதளத்தின் நிரலுக்கும் ஓரளவு எட்டும். ஆரிஸ் சர்ஃபோர்டு எஸ்.பி. 6141 மோடத்தில் பாஸ்வேர்ட் இல்லாமலே ரீஸ்டார்ட், ரீசெட் செய்துவிடலாம் என்பது 2016இல் வெளியே வந்தது; ஒரு இணையப் பக்கத்தில் மறைத்து வைத்த இணைப்பு ஒன்றே மோடத்தை விழவைக்கப் போதுமானதாக இருந்தது. 2020 ஜனவரியில் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘கேபிள் ஹான்ட்’ ஓட்டை அதைவிட மோசம். பிராட்காம் சிப் உள்ள மோடங்களின் ஸ்பெக்ட்ரம் அலசும் கருவியை பிரவுசர் வழியாகத் தொட்டு, மோடத்தையே கைப்பற்ற முடிந்தது. மோடத்தின் ஃபர்ம்வேரை மாற்றும் அதிகாரம் சேவை நிறுவனத்திடம்தான் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அதனால் பழைய மோடம் வைத்திருப்பவர், பார்க்கத் தேவையில்லாத காலத்தில் இந்த வழியை அடைத்தே வைத்திருப்பது புத்திசாலித்தனம். ரூட்டரில் அந்த முகவரியை வேண்டுமென்றே தடுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ரீசெட்

இங்கேதான் பெட்டியின் வகை முக்கியமாகிறது.

வெறும் மோடத்தில் நீங்கள் மாற்றி வைத்தது என்று ஏதும் கிடையாது. அதன் அமைப்புக் கோப்பு ஒவ்வொரு முறை எழும்போதும் சேவை நிறுவனத்திடமிருந்து வருகிறது. ரீசெட் செய்தால் அழிவது, எந்த அலைவரிசையில் சிக்னல் கிடைத்தது என்று அது நினைவில் வைத்திருந்த குறிப்பு. அது போனால் மோடம் முழு வரிசையையும் மறுபடி துழாவ வேண்டும். விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பீர்கள். கடைசியில் பழையபடி எழும். சேவை நிறுவனம் பக்கத்தை மூடியிருந்தால் மூடியபடியே எழும். வெறும் ரீஸ்டார்ட் தருவதைவிட இது கூடுதலாகத் தருவது மிகக் கொஞ்சம்.

கேட்வேயில் இழப்பு நிஜமானது. வைஃபை பெயர், பாஸ்வேர்ட், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பும் அமைப்பு), பிரிட்ஜ் மோடு எல்லாம் போய்விடும். பிரிட்ஜ் மோடு போனால் பின்னால் இருக்கும் சொந்த ரூட்டரோடு இரட்டை நேட் (இரண்டு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றும் நிலை) ஆகிவிடும், அப்புறம் வேறு பிரச்சினைகள் வரிசையில் நிற்கும். ஆனால் ஒரே ஒரு சூழ்நிலையில் ரீசெட்தான் சரியான மருந்து: லாகின் பக்கம் வருகிறது, யாரோ எப்போதோ மாற்றிய பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை. முதலில் லேபிளில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டும் நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். லேபிளில் இரண்டும் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது நடக்கும். சேவை நிறுவனத்தின் செயலியிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவும் ஒத்துவரவில்லையென்றால், இப்போதைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வைத்துக்கொண்டு ரீசெட் செய்யுங்கள். திரும்ப எழுந்ததும் அதே பெயரும் பாஸ்வேர்டும் போட்டால், வீட்டில் உள்ள டிவி, ஃபோன், பிரிண்டர் எல்லாம் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சேவை நிறுவனத்தை அழைப்பது

பலர் இதைக் கடைசியில் வைப்பார்கள். நீங்கள் தேடுவது சிக்னல் அளவு மட்டும் என்றால், நான் இதை ரூட்டர் வழிக்கும் முன்னால் வைப்பேன். உங்கள் மோடம் எவ்வளவு பவரில் கேட்கிறது, எவ்வளவு பவரில் பேசுகிறது என்பதை அவர்கள் தங்கள் திரையிலேயே பார்க்கிறார்கள். மோடத்தின் பக்கம் காட்டாத ஒன்றையும் பார்க்கிறார்கள்: அதே தெருவில் உள்ள மற்ற மோடங்களும் திணறுகின்றனவா என்று. அது உங்கள் பக்கத்தை எத்தனை முறை திறந்தாலும் தெரியாது.

இதன் குறை, மறுமுனையில் எடுப்பவர் பெரும்பாலும் “அணைத்துப் போட்டீர்களா” என்பதிலேயே நிற்பார். அவர் கேட்கும் முன்னாலேயே, லேப்டாப்பை நேராக மோடத்தில் செருகிப் பார்த்தாயிற்று என்று சொல்லிவிடுங்கள். ரூட்டர் மேல் பழிபோடும் கட்டம் தாண்டிவிடும். அப்புறம் மூன்றைக் கேளுங்கள்: மேல்நோக்கிய பவர் எவ்வளவு, கடந்த ஒரு நாளில் மோடம் எத்தனை முறை மறுபடி பதிவாகியிருக்கிறது, 192.168.100.1 பக்கம் அவர்கள் தரப்பில் மூடப்பட்டிருக்கிறதா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்று வந்தால் நீங்கள் செய்வதற்கு எதுவுமில்லை. இணைப்பு அறுவது தொடர்ந்தால் அதே அழைப்பிலேயே ஆள் அனுப்பச் சொல்லுங்கள்; படம் எடுத்து வைத்திருந்தால் வருகிறவரிடம் அதைக் காட்டுங்கள். எந்த ஸ்ப்ளிட்டரை முதலில் கழற்றுவது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.